பழைய சொகுசுக் கார் முதல் காராக வந்தால்: பழுதையும் பராமரிப்பையும் வரிசைப்படி செய்யும் முறை

பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் தன் வகுப்பிலேயே உயர்ந்த விலைக்கு விற்ற ஒரு மெர்சிடிஸ்-பென்ஸோ பிஎம்டபிள்யூவோ இன்று ஒரு சாதாரணச் சிறிய காரின் விலைக்குக் கிடைக்கும்போது, முதல் கார் வாங்கப்போகிறவரின் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்புதான். நானும் அப்படிச் சாய்ந்தவன்தான். ஆனால் விலை இறங்கியது காருக்கு மட்டும்தான், அதன் உதிரி பாகங்களுக்கு அல்ல என்பதைச் சாவியை வாங்குவதற்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரின் ரேடியேட்டரும் ஏர் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் இன்றும் உயர்விலைக் காருக்குரிய விலையையே கேட்கும். அவற்றைக் கழற்றி மாட்டும் கூலியும் அப்படித்தான்.

இந்த இடைவெளியை ஈடுகட்ட உங்களிடம் இருப்பவை இரண்டு: சொந்தக் கைகள், வேலையைச் செய்யும் வரிசை. கைகள் நாளடைவில் பழகிவிடும். வரிசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கார் வந்த வாரமே மங்கிப்போன திரையையும் அசையாத இருக்கையையும் சரிசெய்யத் தொடங்கி, கையிருப்பு கரைந்த பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாய் வெடித்து என்ஜினையே இழந்தவர்கள் பலர். ஆளைக் கொல்லக்கூடியது முதலில், என்ஜினைக் கொல்லக்கூடியது இரண்டாவது, கியர்பாக்ஸ் மூன்றாவது, தண்ணீரும் மின்சாரமும் நான்காவது, ஓட்டத்தின் மென்மை ஐந்தாவது, சொகுசு கடைசி. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் செல்கிறது.

வாங்குவதற்கு முன்

ஒரே மாடலில் பல பதிப்புகள் வந்திருக்கும். முதல் காராக வைத்துக்கொள்வதற்கு, டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் என்ஜினும் இரும்புச் சுருள் ஸ்பிரிங்கும் கொண்ட நடுத்தரப் பதிப்பே பொருத்தமானது என்பது என் கருத்து. உச்சப் பதிப்பின் பெரிய என்ஜின், தானே உயரத்தைச் சரிசெய்யும் சஸ்பென்ஷன், மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் கதவு ஆகிய ஒவ்வொன்றும் புதிதாக இருந்தபோது பெருமை. இருபது வயதில் ஒவ்வொன்றும் ஒரு செலவுக் கணக்கு.

ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கே உரிய நோய் ஒன்று உண்டு; அதைத் தெரிந்துகொண்டுதான் காரைப் பார்க்கப் போக வேண்டும். 1990-களின் முற்பாதியில் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ124 கார்களில் என்ஜின் வயரிங்கின் மேலுறை காலப்போக்கில் உதிர்ந்துவிடும். 1995 முதல் 2003 வரை வந்த பிஎம்டபிள்யூ இ39 செடானில் கூலிங் அமைப்பின் பிளாஸ்டிக் பாகங்கள் பலவீனமானவை. ஜாகுவாரின் 1990-களின் பிற்பகுதி வி8 என்ஜின்களில், வால்வுகளைத் தக்க நேரத்தில் இயக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பிளாஸ்டிக்கால் ஆனது. அது உடைந்தால் என்ஜினுக்கே ஆபத்து. 1989-இல் அறிமுகமான லெக்சஸ் எல்எஸ் 400 நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றது என்றாலும், அதன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று கேட்க வேண்டும். பவர் ஸ்டியரிங் பம்ப் ஒழுகி, கீழே இருக்கும் ஆல்டர்நேட்டரைக் கெடுப்பதும் அதில் வழக்கம்.

காரை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன் விற்பவர் அதைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். செயின் சத்தம், நீலப் புகை, முதல் கியர் விழுவதில் தாமதம் ஆகியவை குளிர்ந்த நிலையில்தான் வெளிப்படும். ஸ்டார்ட் செய்வதற்கு முந்தைய நிலைக்குச் சாவியைத் திருப்பும்போது ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். அடுத்து, காரின் கணினியிலுள்ள பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை அதற்கான இணைப்பில் செருகுங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்தப் பொது இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு மகிழ்ந்துவிடாமல், கார் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும் தயார்நிலைச் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று காட்டும் பக்கத்தையும் பாருங்கள். பாதிக்கு மேல் முடியாமல் இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் குறியீடுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன அல்லது பாட்டரி கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஓடிய தூரத்தைவிட ரசீதுக் கோப்பு முக்கியம். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது உள்ள காரை, எண்பதாயிரம் மட்டுமே ஓடி ஆண்டுக்கணக்கில் நின்றுகிடந்த காருக்கு மேலாக நான் தேர்ந்தெடுப்பேன். நின்றுகிடந்த காரில் ரப்பர் காய்ந்திருக்கும், பிரேக்கில் துரு ஏறியிருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும். காரின் விலையில் பாதிக்குக் குறையாத தொகையை முதல் ஆண்டுப் பழுதுகளுக்கென்று தனியே எடுத்துவைக்க முடியாவிட்டால், அந்தக் கார் இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல.

கருவிகளும் பாக எண்களும்

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஆனால் உள்ளவை நல்லவையாக இருக்க வேண்டும். சாக்கெட் செட், டார்க்ஸ் மற்றும் ஆலன் முனைகள், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், ஹைட்ராலிக் ஜாக், ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட் ஆகியவற்றோடு தொடங்கலாம். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டுமே. ஸ்டாண்ட் வைக்காத காரின் கீழ் கையைக்கூட நீட்டக் கூடாது. பொதுவான ஸ்கேனர் என்ஜின் குறியீடுகளைக் காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் கணினிகளோடு பேச, அந்தத் தயாரிப்புக்கென்றே உள்ள ஸ்கேனரோ மென்பொருளோ வேண்டும். முதல் கருவிச் செலவாக அதையே செய்யுங்கள்.

பாகம் வாங்கும்போது மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட வின் எண்ணை, அதாவது வாகன அடையாள எண்ணைக் கொண்டு சரியான பாக எண்ணைக் கண்டுபிடித்த பிறகே கேளுங்கள். ஒரே ஆண்டில், ஒரே மாடலில், இரண்டு வகை பிரேக் பேட் பொருத்தப்பட்டிருப்பது சாதாரணம். கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகங்களில் பலவற்றை உண்மையில் செய்பவை பாஷ், லெம்ஃபோர்டர், மாலே, சாக்ஸ், ஹெல்லா போன்ற நிறுவனங்கள்தான். அதே பாகம் அவற்றின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெயரே தெரியாத மலிவுப் பாகத்தை அலங்காரத்துக்கு வாங்கலாம். கூலிங், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றுக்கு வாங்கக் கூடாது.

முதல் நாள்: டயரும் பிரேக்கும்

டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டுகளைக் கடந்த டயரைக் கழற்றிவிட வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனவற்றில் மயிரிழை விரிசல்களைத் தேட வேண்டும். கனமான, பின்சக்கரம் இழுக்கும், நிறைய குதிரைசக்தி உள்ள காரைப் புதிதாக ஓட்டக் கற்றவர் கையில் கொடுக்கும்போது, ஈரச் சாலையில் அவரைக் காப்பது டயர்தான்.

பிரேக் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து, அதை நெருங்கியிருந்தால் டிஸ்க்கையும் பேடையும் சேர்த்தே மாற்றுங்கள்; தேய்மானத்தை உணரும் சென்சார் வயரையும் அப்போதே புதிதாகப் போடுங்கள். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் வழுக்கு ஊசிகள் கையால் நகர வேண்டும். ரப்பர் பிரேக் குழாயை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். டாட் 4 பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்கும் அதன் கொதிநிலை, 3.7 சதவீதம் நீர் கலந்ததும் 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் அமுங்குவதற்கு அதுவே காரணம். முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும், வாங்கிய உடன் ஒரு முறையும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அதை மாற்றிவிடுங்கள்.

2002-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ211-இன் தொடக்கக் கால எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் அமைப்பு, கதவைத் திறந்தாலே தானாக விழித்து அழுத்தத்தைக் கூட்டும். ஸ்கேனரால் அதை முறைப்படி முடக்காமல் பேடைக் கழற்றினால், காலிப்பர் பிஸ்டன்கள் பாய்ந்து வந்து விரலை நசுக்கிவிடும். 2006-இல் வந்த மாற்றத்தோடு அந்நிறுவனம் அந்த மாடலில் இதைக் கைவிட்டது.

சக்கர போல்ட்டுகளைக் கையால் முதலில் முடுக்கி, பிறகு நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பல ஐரோப்பியக் கார்களில் இது 110 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள்.

இரண்டாவது: கூலிங் அமைப்பு

இந்தப் பகுதியில் நான் சற்று அதிகமாகவே நிற்கப்போகிறேன், ஏனெனில் பழைய சொகுசுக் கார்கள் குப்பைக்குப் போவதற்கு இதுவே பெரிய காரணம். அலுமினியத் தலை கொண்ட என்ஜின் ஒரே ஒரு முறை கடுமையாகச் சூடேறினால் போதும். தலை வளைந்து, அதற்கும் என்ஜின் உடலுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் போய், பழுதுச் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், எக்ஸ்பான்ஷன் டாங்க், தெர்மோஸ்டாட் கூடு, சில என்ஜின்களில் வாட்டர் பம்பின் விசிறி வரை எல்லாமே பிளாஸ்டிக். சூடும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்கி, பத்து ஆண்டுகளில் அது மொறுமொறுவென்று ஆகிவிடும்.

என் முதல் கார் இருபது வயதை நெருங்கிய ஓர் ஆறு சிலிண்டர் செடான். வாங்கிய மூன்றாவது மாதத்தில் கூலண்ட் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. என்ஜின் ஆறிக் கிடந்த ஒரு காலையில், மேல் ரேடியேட்டர் குழாயைப் பிடித்து லேசாக அசைத்தேன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து காய்ந்த சருகைப் போல நொறுங்கிக் குழாயோடு கையில் வந்துவிட்டது. உடைந்த வாயைத் திருப்பிப் பார்த்தபோது, பாதிச் சுற்று புதிய உடைப்பாகவும், மீதிப் பாதி வெண்பொடி படிந்த பழைய விரிசலாகவும் இருந்தன. சொட்டுச் சொட்டாக வெளிவந்த கூலண்ட், என்ஜின் சூட்டிலேயே ஆவியாகி அந்தப் பொடியை மட்டும் விட்டுச்சென்றிருந்தது. தரையில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்த நான் அதுவரை அந்த வெள்ளைத் தடத்தைக் கவனிக்கவே இல்லை. அந்தக் கழுத்து நெடுஞ்சாலையில் உடைந்திருந்தால், வெப்பமானி ஏறுவதை நான் கவனிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே இந்த அமைப்பைத் துண்டுதுண்டாகப் பழுதுபார்க்காமல், மாற்றிய சான்று இல்லையென்றால் ஒரே தடவையில் புதுப்பித்துவிடுங்கள்: ரேடியேட்டர், எக்ஸ்பான்ஷன் டாங்க், அதன் மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மேல் கீழ் குழாய்கள், பெல்ட். மூடியை மறக்க வேண்டாம். அமைப்பின் அழுத்தத்தைத் தாங்குவதும் கொதிநிலையை உயர்த்தி வைப்பதும் அதுதான். என்ஜின் சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கூலண்டின் நிறத்தை நம்பாதீர்கள். நீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும் வெறும் சாயங்கள். நிறுவனம் ஒப்புதல் தந்த வகை எது என்பதே கணக்கு. வெவ்வேறு வேதியியல் கொண்ட இரண்டைக் கலந்தால் கூழாகி, ஹீட்டரின் மெல்லிய குழல்களை அடைத்துவிடலாம். காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி இல்லாமல் திரவம் மட்டும் வரும் வரை பொறுமையாக ஊற்றுங்கள். உள்ளே சிக்கிய காற்று, தண்ணீர் குறைந்திருப்பதைப் போலவே என்ஜினைச் சூடாக்கும். பிறகு மூன்று நாள்கள், தினமும் காலையில் அளவைப் பாருங்கள்.

ஆயிலும் ஒழுகல்களும்

ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற தடிமன் எண்ணோடு நிற்காமல், பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-01, மெர்சிடிஸின் 229.5 போன்ற நிறுவன ஒப்புதல் டப்பாவின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டு கணினி அடுத்த ஆயில் மாற்றத்தை 20,000 கிலோமீட்டருக்கும் அப்பால் காட்டலாம். கார் புதிதாக இருந்தபோது பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டுவதற்கு அந்தக் கணக்கு உதவியது. வயதான என்ஜினுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவே எல்லை.

வால்வு கவர் கேஸ்கெட் காய்ந்து, ஆயில் சூடான எக்ஸாஸ்ட்டில் சொட்டி, சிக்னலில் நிற்கும்போது கருகிய வாடை வரும். ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட் ஒழுகினால் அது பெல்ட்டில் படும். ஆயிலில் ஊறிய பெல்ட் நழுவிக் கிழிந்தால் அதன் நார் கிராங்க் சீலுக்குள் சுற்றிக்கொள்ளவும் கூடும். கேஸ்கெட்டின் விலை சிறியது, உழைப்புதான் பெரியது. சொந்தக் கையால் செய்யத் தகுந்த வேலை என்றால் இதுதான். ஒழுகல் புதிதாக எங்கெங்கோ தோன்றிக்கொண்டே இருந்தால், கேஸ்கெட்டுகளைக் குறைசொல்லும் முன் கிராங்க் கேஸின் காற்றுப்போக்கி வால்வைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் கூடி ஆயிலைக் கிடைத்த வழியில் வெளியே தள்ளும்.

குறியீட்டைப் படிப்பது, பாகத்தை வாங்குவது அல்ல

என்ஜின் விளக்கு எரிந்து பி0171 என்ற குறியீடு வந்தால், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டுமே பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஆயினும் அந்தச் சென்சாரைத்தான் மக்கள் முதலில் மாற்றுகிறார்கள். கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எரிபொருள் திருத்த அளவை ஸ்கேனரில் பாருங்கள். என்ஜின் சும்மா ஓடும்போது +18 சதவீதமாக இருந்து, நிமிடத்துக்கு 2,500 சுழற்சிக்கு ஏற்றியதும் +3-க்கு இறங்கினால், ஏதோ ரப்பர் குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. மாறாக, வேகம் கூடக்கூட அதுவும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். எந்த மெக்கானிக்கிடமும் புகைச் சோதனை செய்யச் சொன்னால், காற்றுக்குழாயின் மடிப்புகளுக்கிடையே ஒளிந்திருக்கும் கிழிசலிலிருந்து புகை எழுவது கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது: கியர்பாக்ஸ்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் வாழ்நாள் முழுவதுக்கும் போதும் என்று பல கார் நிறுவனங்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கியர்பாக்ஸ்களைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே தன் தயாரிப்புகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வாழ்நாள் என்பது யாருடைய வாழ்நாள் என்று கேட்பதில் தவறில்லை.

வேலையைத் தொடங்கும் முன் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, நிரப்பும் வழி திறக்காமல் கார் ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொள்வது நடக்கக்கூடியது. ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, குறிப்பிட்ட வகை எண்ணெயை ஊற்றி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எண்ணெயின் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்த்தபடி அளவைச் சரிபார்க்க வேண்டும். பல இசட்எஃப் பெட்டிகளில் 40 டிகிரியை ஒட்டி, நிரப்பும் துளையிலிருந்து எண்ணெய் மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸில் இன்னொன்றையும் பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள 13 ஊசி மின் இணைப்பின் ரப்பர் வளையம் ஒழுகினால், எண்ணெய் வயருக்குள்ளாகவே ஏறி மேலிருக்கும் கணினிப் பெட்டியைச் சென்றடையும். சில ரப்பர் வளையங்களைக் கொண்ட அந்தச் சிறு பாகத்தை எண்ணெய் மாற்றும்போதே மாற்றிவிடலாம்.

நான்காவது: தண்ணீரும் மின்சாரமும்

சொகுசுக் காரின் கணினிப் பெட்டிகள் காலடித் தரைவிரிப்பின் கீழும், இருக்கையின் கீழும், டிக்கியின் பக்கக் குழிகளிலும் இருக்கும். தண்ணீர் தேங்கக்கூடிய இடங்களும் அவையே. சன்ரூஃபைத் திறந்து அதன் நான்கு மூலைகளிலும் உள்ள சிறு துளைகளில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது சக்கரங்களின் அருகே கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வளையக்கூடிய நைலான் இழையை உள்ளே செலுத்தி அடைப்பை எடுங்கள். அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினால் குழாய் உள்ளுக்குள்ளேயே கழன்றுவிடும். அதன் பிறகு கூரைத் துணியைப் பிரித்தால்தான் வழி. முன்கண்ணாடிக்குக் கீழே இலைகள் சேரும் பள்ளத்தின் வடிகாலையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு விரிப்பைத் தூக்கிக் கீழுள்ள பஞ்சைக் கையால் அமுக்குங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் அடியில் நீர் நிற்கக்கூடும்.

மின்சாரத்தில் முதல் சந்தேகம் எப்போதும் பாட்டரியின் மேல் விழ வேண்டும். இரவு முழுதும் நின்ற கார் காலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. மின்னழுத்தம் குறைந்தால் இந்தக் கார்கள் ஒரே நேரத்தில் பத்து வெவ்வேறு பிழைகளைக் காட்டி உங்களைத் திணறடிக்கும். 2000-களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய பல மாடல்களில் புதிய பாட்டரியை ஸ்கேனர் வழியாகக் காருக்குப் பதிவுசெய்யவும் வேண்டும்.

என் கார் நான்கு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகாது. முந்தைய உரிமையாளர் அதற்காகவே இரண்டு பாட்டரிகள் மாற்றியிருந்தார். பானெட்டையும் கதவையும் திறந்துவைத்து, பூட்டின் நாக்கை ஸ்குரூடிரைவரால் அழுத்தி, எல்லாம் மூடியிருப்பதாகக் காரை நம்பவைத்து, மல்டிமீட்டரை எதிர்முனை வயரில் தொடராக இணைத்துக் காத்திருந்தேன். கணினிகள் அனைத்தும் உறங்க 20 முதல் 40 நிமிடம் ஆகலாம். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வர வேண்டும். மீட்டர் 400-இலேயே நின்றது. ஃபியூஸ்களைப் பிடுங்கினால் கணினிகள் மறுபடி விழித்துவிடும் என்பதால், ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் உள்ள இரண்டு புள்ளிகளில் மில்லி வோல்ட் அளந்தேன். ஒன்றே ஒன்றில் மின்னழுத்த வேறுபாடு தெரிந்தது: உள்விளக்குகளுக்கான ஃபியூஸ். கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடி, பிறகு எடுத்துப் பார்த்தேன். மூடிய பிறகும் 5 வாட் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. 400 மில்லி ஆம்பியர் என்றால் நான்கு நாளில் ஏறக்குறைய 38 ஆம்பியர்-மணி. பாதிக்கு மேல் பாட்டரி காலி. பூட்டுக்குள் இருந்த ஒரு சிறு சுவிட்ச்தான் குற்றவாளி.

இந்தச் சோதனையின்போது என்ஜினை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முடித்த பிறகு பூட்டின் நாக்கை விடுவிக்காமல் கதவைச் சாத்தாதீர்கள். ஏர்பேக்கைத் தொடும் எந்த வேலைக்கும், இருக்கையைக் கழற்றுவதற்கும்கூட, பாட்டரியை முதலில் கழற்றிவிட்டுக் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது: புஷ்களும் சஸ்பென்ஷனும்

மணிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில், அதுவும் பிரேக் பிடிக்கும்போது, ஸ்டியரிங் நடுங்கினால் பலர் டிஸ்க்கைக் கடைந்துவிட்டு வருவார்கள். இந்த வகைக் கார்களில் முன் சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மில், திரவம் நிரம்பிய ரப்பர் புஷ் கிழிந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அதிலிருந்து கசிந்த கறுப்புத் திரவத்தின் கறை ஆர்மின் மேல் தெரியும். புதிய புஷ்ஷைப் போட்ட பிறகு போல்ட்டை இறுதியாக இறுக்குவது, காரின் எடை சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் உயரத்தில்தான். சக்கரம் தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்பட்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் காலையில் ஒரு பக்கம் மட்டும் படுத்திருந்தால், சோப்பு நீரைத் தெளித்துக் குமிழியைத் தேடுங்கள். ஒழுகும் பையை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரசரும் அடுத்துப் போய்விடும். காரைத் தூக்கும் முன் சஸ்பென்ஷனை ஜாக் நிலைக்கு மாற்றுவது கட்டாயம். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். அதையும், ஏசி வாயு தொடர்பானதையும், சக்கரக் கோணச் சரிபார்ப்பையும் கேரேஜுக்கு விட்டுவிடுவதில் குறைவொன்றும் இல்லை.

கடைசியில்: சொகுசு

இப்போதுதான் ஜன்னல், இருக்கை, திரை. மேலே ஏறாத ஜன்னல் கண்ணாடிக்கு மோட்டார் அல்ல, கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடியே பெரும்பாலும் காரணம். எண்கள் விழுந்துபோன திரைக்கு ரிப்பன் கேபிள். வேலை செய்யாத இருக்கைக்கு, மோட்டாரை வாங்கும் முன் கீழே உள்ள இணைப்பைக் கழற்றிப் பச்சைத் துருவைத் தேடுங்கள். தோல் இருக்கையை மென்மையான தூரிகையாலும் அதற்கான சோப்பாலும் கழுவி உலரவிட்ட பிறகே மெருகு போட வேண்டும். அழுக்கின் மேல் போட்ட மெருகு அந்த அழுக்கையே பூட்டிவைக்கும்.

குறிப்பேடும், நிறுத்த வேண்டிய நேரமும்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், பாக எண், இறுக்கிய அளவு, செலவு ஆகியவற்றை ஒவ்வொரு வேலைக்கும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்திலிருந்து சத்தம் வரும்போது, எந்தப் பக்க ஆர்ம் மாற்றப்பட்டது என்பது நினைவில் இருக்காது. வாரம் ஒரு முறை, என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில், கூலண்ட், பிரேக் திரவம், டயர் காற்று ஆகிய நான்கையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சில நேரங்களில் நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். ஜாக் வைக்கும் இடங்களிலோ சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களிலோ துரு உலோகத்தை ஊடுருவியிருந்தால், கூலண்டும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்திருந்தால், கியர்பாக்ஸ் எண்ணெயில் உலோகத் துகள்கள் மினுங்கினால், அதற்கு மேல் செலவிடுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் எழுத்து வடிவில் மதிப்பீடு வாங்குங்கள். அது காரின் விலையைத் தாண்டினால், என்னென்ன பழுது என்பதை மறைக்காமல் சொல்லி, உதிரி பாகங்களுக்காகத் தேடுபவருக்கு முழுக் காராகவே விற்றுவிடலாம்; நீங்கள் புதிதாகப் போட்ட ரேடியேட்டருக்கும் பிரேக்குக்கும் அவரிடம் மதிப்பு உண்டு. கொடுக்கும்போது இரண்டு சாவிகளோடும் ரசீதுகளோடும் அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொடுங்கள். ஜாக் ஸ்டாண்டையும் ஸ்கேனரையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.